எரியாத மருந்து

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசு காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு புனிதை உருவாகிக்கொண்டிருப்பதாக என் மாமியார் அமலம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் சொன்னார். பாசாரில் மீன் வாங்கும்போது சொன்னார். ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொன்னார். புனிதை வேறு யாருமில்லை, அவருடைய மகள் அக்னஸ்தான். அதற்கு முந்தின மாதம்வரை அதே வாயால் தண்டச்சோறு என்று அழைக்கப்பட்டவள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, கூலிக்காரர்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. என் புருஷன் வில்லியமுக்கு ஹார்பர் ஆபீஸ் கிளார்க் வேலை எப்படியோ தப்பியது. பினாங் தீவில், சுங்கை பினாங் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் மாமியார், வில்லியம், அவர் தங்கை அக்னஸ், நான் என்று இருந்தோம். நான் மருமகளாக வந்து சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. வாய் மட்டும் இருக்கிறது என்பார் மாமியார். அதில் பொய்யில்லை.

அக்னஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செபாஸ்டியன், அக்கரையில் புக்கிட் தெங்கா பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஊரே வேலையிழந்து நிற்கும்போது வேலையோடு ஒரு மாப்பிள்ளை கிடைத்ததைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் கழித்து நாள் குறித்திருந்தோம். அக்னஸுக்கு அந்தக் கல்யாணம்தான் உயிர். பெண் பார்க்க வந்த அன்று தலையைக் குனிந்தே இருந்ததால் அவள் பார்த்தது மாப்பிள்ளையின் சப்பாத்தை மட்டும்தான். அந்தச் சப்பாத்தைப் பற்றியே என்னிடம் ஒரு மணி நேரம் பேசுவாள். கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது அவளுக்கு. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்போதுதான் அவள் இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வட்டம் வந்தது. நடுவில் வெளிறி வறண்டு, ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து தடித்திருந்தது. வெயிலும் வியர்வையுமான ஊரில் இதெல்லாம் யாருக்குத்தான் வராது? படர்தாமரை என்றார் மாமியார். மணப்பெண் கையில் படர்தாமரையோடு பீடத்துக்கு முன்னால் போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார். தபசு காலம் முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று.

படர்தாமரைக்கு எங்கள் வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான். பக்கத்து வீட்டு ஷரீஃபாவின் வேலியோரம் சீமையகத்தி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மலாய்க்காரர்கள் அதை கெலெங்காங் என்பார்கள். அந்த இலையை உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். படை இருக்கும் இடத்தைத் தேங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்த்து, அதன்மேல் இதை அப்ப வேண்டும். படை போவது உறுதி. ஆனால் அந்த எரிச்சலில் உயிரும் கொஞ்சம் போய்வரும். ஒரு மழைக்காலத்தில் வில்லியமுக்கு இடுப்பில் போட்டபோது, அத்தனை பெரிய ஆபீஸ் உத்தியோகஸ்தர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார். சத்தம் கேட்டு ஷரீஃபா வேலிக்கு வந்து, பாம்பு கடித்துவிட்டதா என்று விசாரித்தாள்.

அக்னஸுக்கு முதல்முறை போட்டது விபூதிப் புதன்கிழமை. காலைப் பூசையில் சாமியார் இட்ட சாம்பல் அவள் நெற்றியில் அப்படியே இருந்தது. மாமியார் நாரைப் போட்டுத் தேய்த்தார். பச்சை விழுதை வழித்து வைத்து அழுத்தினார். அக்னஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டாள்.

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றிச் சாம்பலைப் பார்த்தார். "நீ இத யாருக்காச்சும் ஒப்புக்கொடுக்கிறியாடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் சனங்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வலி வந்தால் அதை வீணாக்கக் கூடாது. பல்வலியோ பிரசவ வலியோ, வாய்விட்டுக் கத்தாமல் பொறுத்து, உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குக் காத்திருக்கும் ஆத்துமாக்களுக்கென்று ஒப்புக்கொடுத்தால் அவர்களுக்குப் புண்ணியம். தபசு காலத்தில் அதற்கு மதிப்பு அதிகம். அக்னஸ் ஒரு கணம் விழித்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுடைய அம்மா அவளை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவள் வைக்கும் ரசத்தில் உப்பு கூடும், அவள் தைக்கும் தையல் கோணும். பாராட்டென்று ஒரு வார்த்தை காதில் விழாமல் வளர்ந்த பெண் அவள். அன்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

சேதி பரவியது. சாயந்தரம் மருந்து போடும் நேரத்துக்குக் கோயில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி, வேலை போன மகனுக்காக அன்றைய எரிச்சலை ஒப்புக்கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி, செத்துப்போன புருஷனுக்காகக் கேட்டாள். அக்னஸ் ஒவ்வொருவர் பேரையும் திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டு கையை நீட்டுவாள். மாமியார் நாரை எடுத்து, கூட்டம் பார்க்கப் பார்க்க முன்னைவிட அழுத்தமாகத் தேய்ப்பார். தோல் உரிந்து ரத்தம் துளிர்க்கும். அக்னஸ் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நான் சுவரோரம் நின்று பார்ப்பேன். அவள் பல்லைக் கடிக்கவில்லை, விரலை மடக்கவில்லை, மூச்சுகூடத் தடுமாறவில்லை. பொறுத்துக்கொள்கிற மனுஷி அப்படி இருக்கமாட்டாள்.

வட்டம் போகவில்லை. கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

ஒருநாள் காலையில் நானும் அவளும் சமையல்கட்டில் இருந்தோம். அவள் அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த உப்புச் சாடியை எட்டி எடுத்தபடி, கல்யாணப் புடவைக்குச் சரிகை எவ்வளவு அகலம் வைப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தாள். கருகும் வாடை வந்தது. சோறு அடிப்பிடிக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். அவளுடைய இடது முன்கை சோற்றுப் பானையின் விளிம்பில் சாய்ந்திருந்தது. அவள் சரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த வட்டத்தின் நடுவே தோல் சுருண்டு வெந்திருந்தது. அக்னஸ் அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி."

"மருந்து போடுறப்ப?"

அவள் சிரித்தாள். ரகசியம் சொல்வதுபோலக் கிட்டே வந்தாள். "ஒருநாளும் எரிஞ்சதில்ல அண்ணி. மாதா வாங்கிக்கிட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

வெந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் துணி சுற்றினேன்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் முன்பு ஒரு தையல்காரர் இருந்தார். தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் சுண்டுவிரலில் ஊசியை ஏற்றிக் காட்டுவார். வலிக்கவே வலிக்காது என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த வருஷம் சுகாதார ஆபீஸிலிருந்து மூடின வண்டி ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. வீடு முழுவதும் சுண்ணாம்பு அடித்தார்கள். அவருக்கு வந்தது குஷ்டம். அவரைக் கொண்டுபோன இடம் ஜெரெஜாக் தீவு. பாயான் லெப்பாஸ் போகும் ரோட்டில் போனால் அந்தத் தீவு கடலில் பச்சையாக, கிட்டத்தில்தான் தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் அந்த இடம் வந்ததும் மலைப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தையல்காரர் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

அன்று சாயந்தரமே வில்லியமிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். டாக்டரிடம் காட்டலாம் என்றேன். டாக்டர் பார்த்தால் மேலே எழுதியாக வேண்டும், எழுதினால் வண்டி வரும், வண்டி வந்த வீட்டுக்காரனை ஆபீஸில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டார். பிறகு, கல்யாணம் முடியட்டும், அங்கே போய் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இதைச் சொன்னவர் வாராவாரம் நற்கருணை வாங்குகிற மனிதர். எனக்கு வந்த கோபத்தில் அவர் காப்பியைக் கொண்டுபோய்க் கொட்டினேன். வேறென்ன செய்ய முடிந்தது?

மாமியாரிடம் சொன்னபோது கதை வேறுவிதமாகப் போயிற்று. கோயில் பெண்கள் அக்னஸைத் தேடி வருவது எனக்குப் பொறுக்கவில்லையாம். பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சலாம். அந்த நோயின் பெயரை இந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை சொன்னால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் தாவாய் நடுங்கியது. அவருக்கும் உள்ளுக்குள் எங்கோ தெரிந்துதான் இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றியது. தெரிந்துகொண்டுதான் அத்தனை பலமாகத் தேய்த்தார்.

ஷரீஃபா எங்களைவிட முன்னாலேயே புரிந்துகொண்டுவிட்டாள் போல. தினமும் இலையைப் பறித்துச் சமையல்கட்டு வரைக்கும் வந்து கையில் கொடுத்துவிட்டு, ஊர்க்கதை பேசிப் போகிறவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். இலைக்கட்டு வேலியில் ஒரு குச்சியில் தொங்கும். அவள் மகள் அக்னஸிடம் பின்னல் போட்டுக்கொள்ள ஓடி வருவாள். அந்தக் குழந்தையையும் காணோம். ஒருநாள் வேலியோரம் ஷரீஃபாவைப் பிடித்து, என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தாள்.

"அந்த இலை எரியும்லா அக்கா. எல்லாருக்கும் எரியும்," என்றாள். அதற்குமேல் எதுவும் தெரியாது என்று கையை விரித்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் பார்த்தால் சீமையகத்தியை அடியோடு வெட்டிப் போட்டிருந்தாள். மாமியார் ஆற்றோரத்தில் வேறொரு செடியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் அக்னஸைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போனேன். இனியும் அவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது அநியாயம் என்று பட்டது. தையல்காரரைப் பற்றிச் சொன்னேன். அந்த வட்டம் படர்தாமரை இல்லாமல் இருக்கலாம் என்றேன். மாதா வாங்கிக்கொள்ளவில்லை, தோல் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. எரிய வேண்டிய இடம் எரியாவிட்டால் அது நல்லதல்ல என்று மட்டும் சொன்னேன். கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, சாமியாரிடம் சொல்லி நல்ல டாக்டராகப் பார்க்கலாம், நான் கூடவே வருகிறேன் என்றேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த குருத்தோலையை மடித்துப் பிரித்து மடித்தாள்.

"அப்ப எரியணுமா அண்ணி?" என்று கேட்டாள்.

அதைத் தவிர நான் சொன்ன வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை என்று அன்று சாயந்தரம் தெரிந்தது. மாமியார் நாரைக் கையில் எடுத்தார். இன்னும் தொடக்கூட இல்லை, அக்னஸ் ஐயோ என்று கத்திவிட்டாள். பிறகு தேய்க்கத் தேய்க்க உதட்டைக் கடித்தாள், காலை உதைத்தாள், கண்ணீர் விட்டாள். கண்ணீர் நிஜம். வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை நாள் பொறுத்தவளுக்குப் பெரிய வாரத்தில் பொறுக்க முடியாதா என்று திட்டினார். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது. அக்னஸ் தினமும் கத்தினாள். கத்தி முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், சரியாகக் கத்தினேனா என்று கேட்பதுபோல. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அந்தக் கல்யாணம் கிடைக்கட்டும் என்று ஜெபம் செய்வேன். உடனே செபாஸ்டியனையும் பிறக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்து, கிடைக்கக் கூடாது என்று ஜெபம் செய்வேன். எந்த ஜெபத்தைக் கேட்பது என்று ஆண்டவருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் வந்து போயிற்று. கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் ஒரு பகல் வேளையில் மாப்பிள்ளையின் அம்மா ரோசம்மா, கல்யாணப் புடவையைக் காட்ட ஃபெர்ரியேறி வந்தார். துணைக்கு மூத்த மகன் ரேமண்ட் வந்திருந்தார். ரேமண்ட் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். புண் கழுவி, மருந்து கட்டி, கூலிக்காரர்களின் கைகால்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். அவரைப் படியில் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புடவை காட்ட டிரெஸர் எதற்கு?

ரோசம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பொங்கிப் பொங்கிப் பேசினார். தனக்கு மருமகளாக வரப்போகிறவளின் பொறுமையைப் பற்றி அமலம்மாள் சொன்னதையெல்லாம் மகனிடம் சொன்னாராம். மகன் இரண்டு தடவை திரும்பக் கேட்டாராம், நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாராம். ரேமண்ட் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு களிம்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, படர்தாமரைக்கு நல்ல மருந்து, கையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றார். குரல் தன்மையாக இருந்தது. அந்தத் தன்மைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மருந்து போட்டா எரியுதுன்னு சொல்லுதா?" என்று என் மாமியாரைக் கேட்டார்.

"ஒரு முனகல்கூட இல்ல தம்பி. தபசு காலம் பூரா அப்படியே செல மாதிரி உட்கார்ந்திருந்துச்சு," என்றார் மாமியார். பெருமை விட்டுப்போய்விடக் கூடாது என்று கடைசி வாரத்தின் கத்தலை ஒரேயடியாக விழுங்கிவிட்டார். அவள் இப்போதெல்லாம் எரிகிறது என்று அழுகிறாள் என்று நான் குறுக்கே சொன்னேன். மாமியார் என்னை முறைத்தார். ரேமண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எதற்காகச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அக்னஸ் வந்து உட்கார்ந்தாள். தலைவாரிப் பூ வைத்து, புடவை பார்க்கும் ஆசையில் முகம் பளிச்சென்று இருந்தது. ரேமண்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே அமர்ந்தார். பானை சுட்ட தழும்பைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்து ஏதோ நரம்பைத் தடவித் தேடினார். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரித்து நுனியைக் கூராக்கினார்.

"கண்ண மூடிக்கம்மா. இது படுறப்பல்லாம் ம்னு சொல்லு, போதும்."

அக்னஸ் கண்ணை மூடினாள். முதலில் வலது கையைத் தொட்டார். ம் என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடி தொட்டார். ம் என்றாள். கன்னத்தைத் தொட்டார். கூச்சத்தோடு சிரித்து, ம் என்றாள். தொடுவதற்கும் தொடுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுகிறார் என்று அவள் மனதுக்குள் கணக்குப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. தலை லேசாக ஆடியது, பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல.

ரேமண்ட் இடது கைக்கு வந்தார். வட்டத்தின் நடுவில் பஞ்சு நுனியை வைத்தார். ஒரு கணம் தள்ளி அக்னஸ் ம் என்றாள். மறுபடியும் வைத்தார். ம் என்றாள். என் மாமியார் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அப்புறம் ரேமண்ட் கையைத் தூக்கிவிட்டார். பஞ்சு அவள் தோலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், அப்படியே நின்றது.

"ம்," என்றாள் அக்னஸ்.

ரேமண்ட் பஞ்சைப் பைக்குள் போட்டார். களிம்பு டப்பாவையும் எடுத்து உள்ளே வைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை. அழுதுவிடுவார் போலிருந்தது. தன் அம்மாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். ரோசம்மா முதலில் ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தார், பிறகு அக்னஸின் கையைப் பார்த்தார். மடியில் பிரித்து வைத்திருந்த புடவையைச் சத்தமில்லாமல் மடிக்க ஆரம்பித்தார். என் மாமியார் சுவரோடு சாய்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"ம்," என்றாள் அக்னஸ்.

ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை என்ற சந்தோஷம் அவள் உதட்டில் தெரிந்தது. கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். ரேமண்ட் எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ம்."

"போதும் அக்னஸ், கண்ணைத் திற," என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.